கிங்ஸ்மார்க்கம் போகிறவர்களுக்கு: ‘ஃப்ரம் டூன் வித் டெத்’ பற்றி என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலத் துப்பறியும் கதை எழுத்தாளர் ரூத் ரெண்டல் எழுதிய முதல் நாவல் இது. கதை நடக்கும் ஊர்தான் கிங்ஸ்மார்க்கம். 1964-இல் வந்தது. இன்ஸ்பெக்டர் வெக்ஸ்ஃபோர்ட் வரிசை இதில்தான் தொடங்குகிறது. என்னிடம் இருக்கும் பிரதியின் அட்டை கிழிந்து, முதுகில் செல்லோடேப் ஒட்டிக் கிடக்கிறது. அத்தனை பேர் இரவல் வாங்கிப் போயிருக்கிறார்கள். வாங்கும்போது ஒரு கேள்வி, பாதி படித்துவிட்டு ஒரு போன், திருப்பித் தரும்போது வாசலில் நின்றபடி அரை மணி நேரம். கேள்விகள் பெரும்பாலும் அதே கேள்விகள்தான். அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

கடைசி நான்கு கேள்விகள் புத்தகத்தை முடித்தவர்களுக்கு மட்டும். அங்கே மறுபடி எச்சரிக்கிறேன்.

கதை என்ன? ரெண்டு வரில சொல்லுங்க, முடிவு வேண்டாம்.

மார்கரெட் பார்சன்ஸ் என்ற முப்பது வயதுக் குடும்பப் பெண் ஒரு நாள் சாயங்காலம் வீட்டில் இல்லை. கணவர் ரொனால்ட் பதறிப்போய் போலீஸிடம் சொல்கிறார். இன்ஸ்பெக்டர் பர்டனோ மனைவியை சினிமாவுக்குக் கூட்டிப்போகக் கிளம்பும் நேரம். கொஞ்சம் அதிகமாகவே பயப்படுகிறீர்கள் என்று சொல்லிச் சமாதானப்படுத்தப் பார்க்கிறார். அப்புறம் ஊருக்கு வெளியே ஒரு காட்டில் மார்கரெட்டின் உடல் கிடைக்கிறது. கழுத்தை நெரித்திருக்கிறார்கள்.

மார்கரெட்டிடம் பணம் இல்லை, பெரிய அழகு இல்லை, யாருக்கும் பகையும் இல்லை. கோயிலுக்குப் போவது, சமைப்பது, துவைப்பது, அவ்வளவுதான் அவள் நாள். ஆனால் வீட்டுப் பரணில் ஒரு பெட்டி. அதற்குள் விலை உயர்ந்த கவிதைப் புத்தகங்கள். ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் ‘மின்னா’ என்று யாரையோ கொஞ்சி, உருகி உருகி எழுதிய வரிகள். கீழே ‘டூன்’ என்று கையெழுத்து. இப்படி ஒரு சாதாரணப் பெண்ணுக்கு இப்படியெல்லாம் எழுதிய ஆள் யார்? வெக்ஸ்ஃபோர்டின் கேள்வி அதுதான்.

வரிசைல முதல் புத்தகம்னா இதுலேர்ந்துதான் ஆரம்பிக்கணுமா?

கட்டாயம் இல்லை. மொத்தம் 24 வெக்ஸ்ஃபோர்ட் நாவல்கள். கடைசி 2013-இல் வந்தது. ஒவ்வொன்றிலும் வழக்கு தனி, அந்தந்தப் புத்தகத்திலேயே முடிந்துவிடும். எடுத்த இடத்தில் தொடங்கலாம்.

ஆனால் ஆட்களின் சொந்த வாழ்க்கை புத்தகத்துக்குப் புத்தகம் நகர்கிறது. முக்கியமாக பர்டனின் குடும்பம். இந்த முதல் நாவலில் அவர் மனைவியோடு சினிமாவுக்குப் போகத் துடிக்கும் சாதாரண மனுஷர். 1970-களின் தொடக்கத்து நாவல் ஒன்றில் அவரைச் சந்திக்கும்போது நிலைமை வேறு. அந்த மாற்றம் உறைக்க வேண்டுமானால் சினிமா டிக்கெட்டிலிருந்து வருவதுதான் சரி. என் ஓட்டு இதற்கே, இருபத்துநாலிலும் இது சிறந்தது என்பதால் அல்ல.

கிங்ஸ்மார்க்கம் எங்க இருக்கு? மேப்ல தேடினேன், வரலையே.

வராது. ரெண்டல் உருவாக்கிய ஊர். தெற்கு இங்கிலாந்தில் சசெக்ஸ் மாவட்டத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். மேற்கு சசெக்ஸில் மிட்ஹர்ஸ்ட் என்ற சந்தை ஊர் நிஜமாகவே இருக்கிறது, அதுதான் முன்மாதிரி. பக்கத்து ஊர்களாக வரும் ஸ்டோவர்டன், பாம்ஃப்ரெட் எல்லாமே கற்பனை.

தொலைக்காட்சித் தொடரைப் பார்த்தவர்கள் நினைவில் வைத்திருக்கும் தெருக்கள் சசெக்ஸே அல்ல. அவை பக்கத்து ஹாம்ப்ஷயரில் இருக்கும் ராம்சி என்ற ஊரில் எடுக்கப்பட்டவை. ஆக கிங்ஸ்மார்க்கத்தைப் பார்த்தே தீருவேன் என்பவருக்கு இரண்டு ஊர் பயணம்.

தலைப்பே புரியலை. டூன்னா என்ன?

செல்லப் பெயர். கடிதத்தின் கடைசியில் நாம் ‘அன்புடன்’ என்று எழுதிப் பெயர் போடுகிறோமே, அந்த மாதிரியை நினைத்துக்கொள்ளுங்கள். அன்பு இருக்க வேண்டிய இடத்தில் சாவு உட்கார்ந்திருக்கிறது: ‘அன்புடன் டூன்’ இல்லை, ‘மரணத்துடன் டூன்’. பரணில் கிடைக்கும் புத்தகங்களின் கையெழுத்தைத்தான் தலைப்பு திருப்பிப் போடுகிறது.

என் இங்கிலீஷ் சுமார்தான். தாங்குமா?

தாங்கும். சின்னப் புத்தகம், இருநூறு பக்கம் சொச்சம். வாக்கியங்கள் குட்டை, பேச்சு நிறைய. சிரமம் தருவது இலக்கணம் இல்லை, அந்தக் காலத்து வீட்டுச் சாமான். ஃப்ரிட்ஜ் இல்லாத சமையலறையை ரெண்டல் வர்ணிக்கும்போது நமக்கு அது வெறும் சமையலறை. 1964-இல் ஓர் ஆங்கில வாசகருக்கு அந்த ஒரு விஷயமே இந்தக் குடும்பம் எவ்வளவு இறுக்கிப் பிடித்து வாழ்கிறது என்று சொல்லிவிடும்.

அதே ஊரில் மிஸ்ஸல், குவாட்ரன்ட் என்று இரண்டு வசதியான வீடுகளுக்கும் போலீஸ் போகிறது. அங்கே கார், உடை, மது, வேலைக்காரப் பெண். ரெண்டல் எந்த வீட்டைப் பற்றியும் பிரசங்கம் செய்வதில்லை. சாமான்களை மட்டும் காட்டுகிறார். அகராதி எடுத்தால் அந்தச் சாமான்களுக்கு எடுங்கள். மற்றதெல்லாம் ஓட்டத்தில் புரியும்.

வெக்ஸ்ஃபோர்டா, பர்டனா? யாரு யாருக்கு மேல?

வெக்ஸ்ஃபோர்ட் சீஃப் இன்ஸ்பெக்டர், பர்டன் இன்ஸ்பெக்டர். ஒரு படி வித்தியாசம். முதல் அத்தியாயத்தில் நாம் பார்ப்பது பர்டனை என்பதால் அவர்தான் நாயகர் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. இந்த நாவலில் கணிசமான பகுதியை நாம் பர்டனின் கண் வழியாகத்தான் பார்க்கிறோம்.

பர்டன் ஒழுக்கவாதி, சட்டை மடிப்புக் கலையாதவர், எளிதில் முகம் சுளிப்பவர். வெக்ஸ்ஃபோர்ட் பெரிய உடம்பு, புத்தகம் படிக்கிற ஆள், ஒரு கவிதை வரியை எடுத்துவிட்டு பர்டன் விழிப்பதை ரசிப்பவர்.

கொலை நடந்தா ஸ்காட்லாண்ட் யார்டு வராதா?

யார்டு என்பது லண்டன் மாநகரப் போலீஸின் தலைமையகம். நாட்டுக்கே மேலதிகாரி கிடையாது. இங்கிலாந்தில் போலீஸ் அந்தந்த வட்டாரத்துக்குச் சொந்தம். இந்த நாவல் வந்தபோது சசெக்ஸ் என்ற ஒரே படைகூட இல்லை. கிழக்கு சசெக்ஸ் தனி, மேற்கு சசெக்ஸ் தனி, பிரைட்டன் போன்ற ஊர்களுக்குத் தனி. 1968-இல்தான் ஒன்றாக இணைத்தார்கள்.

சின்னப் படைகள் கொலை வழக்குக்கு யார்டிலிருந்து ஆள் கேட்கும் வழக்கம் இருந்தது உண்மை. ஆனால் கேட்பதா வேண்டாமா என்பது உள்ளூர்த் தலைமையின் முடிவு. பழைய துப்பறியும் கதைகளில் லண்டனிலிருந்து ரயிலில் ஒருவர் வந்து இறங்குவார், ஊர்க்காரர் எல்லாம் அவருக்கு அந்நியர். வெக்ஸ்ஃபோர்டுக்கு அப்படி இல்லை. தெருவில் எதிரே வருகிறவரைத்தான் அவர் மறுநாள் விசாரிக்க வேண்டும். இந்தச் சங்கடம்தான் இந்த வரிசைக்கு மூலதனம்.

டிஎன்ஏ இல்ல, கேமரா இல்ல. எப்படித்தான் கண்டுபிடிக்கறாங்க?

டிஎன்ஏ அடையாளம் காணும் முறையை லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ் கண்டுபிடித்தது 1984-இல். வெக்ஸ்ஃபோர்டுக்கு இன்னும் இருபது வருடம் பாக்கி. கையில் இருப்பது உடல் கிடந்த இடத்தில் கிடைத்த ஒரு லிப்ஸ்டிக்.

என்னைக் கேட்டால் புத்தகத்தின் நல்ல பகுதிகளில் ஒன்று அது. மார்கரெட் அலங்காரம் செய்துகொள்கிறவள் அல்ல, அதனால் லிப்ஸ்டிக் அவளுடையதாக இருக்க வாய்ப்பு குறைவு. அந்த வண்ணத்துக்கு ஆர்க்டிக் சேபிள் என்று ஒரு பெயர். இனி ஆய்வகம் ஒன்றும் செய்யப் போவதில்லை. கடையில் போய் நிற்க வேண்டும், இந்த வண்ணத்தை யாருக்கு விற்றீர்கள் என்று கேட்க வேண்டும், கடைக்காரப் பெண் யோசிக்கும்வரை காத்திருக்க வேண்டும். லண்டனில் அது நடக்காத காரியம். சின்ன ஊர் என்பதால் நடக்கிறது. அந்தத் தடம் போய் நிற்பது கார் வியாபாரியின் மனைவி ஹெலன் மிஸ்ஸல் வீட்டில். அவர் பொய் சொல்கிறார், பிடிபடுகிறார், வேறு பொய் சொல்கிறார். ஏன் என்பது வேறு கதை.

விசாரணைல வக்கீலே இல்லாம இப்படி மிரட்டலாமா?

இன்று முடியாது. அப்போது போலீஸ் விசாரணைக்கு வழிகாட்டியாக இருந்தது ‘நீதிபதிகளின் விதிகள்’ என்ற ஏற்பாடு. அதன் திருத்திய வடிவம் வந்ததும் இதே 1964-இல்தான். அது சட்டம் அல்ல, நெறிமுறை. விசாரணையை டேப்பில் பதிவு செய்வது, கைதானவர் வக்கீலைப் பார்க்கும் உரிமை இவற்றையெல்லாம் சட்டத்தில் ஏற்றி முறைப்படுத்தியது 1984-இன் போலீஸ் சட்டம். வழக்குத் தொடரத் தனித் துறை வந்தது 1986-இல். அதுவரை பெரும்பாலான வழக்குகளைப் போலீஸே நடத்தியது.

ஆகவே வெக்ஸ்ஃபோர்ட் ஒருவர் வீட்டு வரவேற்பறையில் சட்டமாக உட்கார்ந்துகொண்டு குடைந்து குடைந்து கேட்பது அந்தக் காலத்துக்கு இயல்பு. கேட்கும் தொனி கொஞ்சம் அதிகம் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

டிவில பார்த்த வெக்ஸ்ஃபோர்ட் தங்கமான மனுஷன். இதுல ஏன் இப்படி எரிஞ்சு விழறார்?

1987-இல் தொடங்கிய தொடரில் நடித்தவர் ஜார்ஜ் பேக்கர். அவருடைய வெக்ஸ்ஃபோர்ட் கிராமத்துப் பேச்சும் கனிவும் கலந்தவர். இந்த நாவல் அதில் 1991-இல் வந்தது, அதற்குள் பாத்திரம் முழுசாகப் பழுத்துவிட்டது. ஒரு துணுக்கு: தொடரில் வெக்ஸ்ஃபோர்டின் மனைவி டோராவாக நடித்த லூயி ராம்சியை பேக்கர் பிற்பாடு நிஜமாகவே கல்யாணம் செய்துகொண்டார்.

முதல் நாவலில் இருப்பது இன்னும் பழுக்காத காய். ரெண்டல் அவரை ஒரு வரிசைக்காகத் திட்டமிடவில்லை. ஒரு கதைக்கு ஒரு போலீஸ்காரர் தேவைப்பட்டார், அவ்வளவுதான். அதனால் வழக்கமான கடுகடு அதிகாரியாகவே வருகிறார். பணக்கார வீட்டுப் பெண்களிடம் பேசும்போது குத்தலும் இளக்காரமும் தெரிகிறது. பின்னால் வந்த நாவல்களில் மனைவி, இரண்டு மகள்கள், வயது, இதய நோய் எல்லாம் சேர்ந்து ஆளை மாற்றுகின்றன. இதைக் குறை என்று சொல்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. குறைதான்.

1964-ல அவருக்கு 52 வயசுன்னு போட்டிருக்கு. அப்ப 2013-ல?

101. கணக்குப் போட்டு இதைக் கண்டுபிடித்தவர்கள் எல்லோரும் தாங்கள்தான் முதலில் என்று நினைத்து என்னை அழைக்கிறார்கள்.

ரெண்டல் காலத்தை ஓடவிட்டு மனிதரை மெதுவாக நடக்கவிட்டார். ஊரில் செல்போன் வருகிறது, கணினி வருகிறது, நெடுஞ்சாலைக்கு எதிரான போராட்டம் வருகிறது. வெக்ஸ்ஃபோர்ட் மட்டும் ஐம்பது சொச்சம் வயதிலேயே தங்கிவிடுகிறார். 2011-இல் வந்த நாவலில்தான் ஓய்வு. வரிசைக்குப் போகிறோம் என்று தெரியாமல் முதல் புத்தகத்திலேயே 52 என்று எழுதிவிட்டால் இந்தத் தொல்லைதான்.

எழுதினவங்க போலீஸ் குடும்பமா?

இல்லை. 1930-இல் லண்டன் புறநகரில் பிறந்தார், அம்மா அப்பா இருவரும் ஆசிரியர்கள். எஸ்ஸெக்ஸில் உள்ளூர்ப் பத்திரிகையில் நிருபராக இருந்தார். அந்த வேலை போன கதை பிரபலம். டென்னிஸ் கிளப்பின் வருடாந்திர விருந்து. போகாமலேயே போனது போல செய்தி எழுதிக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு விருந்தில் பேசியவர் பேச்சின் நடுவே செத்து விழுந்திருக்கிறார்! செய்தியில் அது இல்லை. ராஜினாமா செய்ய வேண்டியதாயிற்று.

பிறகு வீட்டிலிருந்து எழுதினார். பதிப்பாளரிடம் முதலில் அனுப்பியது வேறு ஒரு நாவல், வேண்டாம் என்றார்கள். வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டபோது இதை எடுத்துக் கொடுத்தார். கிடைத்தது 75 பவுண்டு. 1986 முதல் பார்பரா வைன் என்ற இன்னொரு பெயரிலும் எழுதினார். 1997-இல் பிரபுக்கள் சபைக்குத் தொழிற்கட்சி உறுப்பினராகப் போனார், 2015-இல் காலமானார்.

அத்தியாயம் தலைல இருக்கற கவிதையெல்லாம் தாண்டிடலாமா?

தாண்டாதீர்கள். இரண்டு மூன்று வரிகள்தான். முதலில் வெறும் அலங்காரம் போலத் தெரியும். பரண் பெட்டி திறந்த பிறகு, டூன் கொடுத்த கவிதைப் புத்தகங்களை நினைத்துக்கொண்டு மறுபடி போய் அந்த வரிகளைப் படியுங்கள். காதல், இழப்பு, காத்திருப்பு என்று அவை ஒரே சுருதியில் இருக்கும். போலீஸ் பேசாத ஒரு குரல் புத்தகம் முழுக்க அங்கேதான் பேசிக்கொண்டிருக்கிறது.

*

சரி. முடிக்காதவர்கள் இங்கேயே எழுந்து போய்விடுங்கள். கீழே எல்லாம் உடைந்துவிடும்.

டூன் ஒரு பொண்ணுன்னு கடைசில சொல்றது ஏமாத்து வேலை இல்லையா?

இல்லை என்பேன். புத்தகத்தில் இருக்கும் டூனின் வரிகளைத் திரும்பப் படியுங்கள். ‘நான்’, ‘நீ’, அவ்வளவுதான். ஆண் என்பதற்கு ஒரு சொல் கிடையாது. ‘அவன்’ என்று சொல்வது போலீஸ். இப்படிக் காதலித்து எழுதியவர் ஆணாகத்தானே இருக்க முடியும் என்று அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள், கூடவே நாமும். மார்கரெட்டை ஒரு காலத்தில் சுற்றிவந்த டட்லி ட்ரூரி, வக்கீல் டக்ளஸ் குவாட்ரன்ட், கணவர் ரொனால்ட் என்று ஆண்களாகவே எண்ணிக்கொண்டிருக்கிறோம். மேசையில் தேநீர் ஊற்றிக்கொடுக்கும் குவாட்ரன்டின் மனைவி ஃபேபியாவை, மார்கரெட்டின் பள்ளித்தோழியை, யாரும் எண்ணவில்லை.

தமிழில் இந்தக் கதையைச் சொல்ல முயன்றால் நம் கஷ்டம் புரியும். ‘எழுதினான்’ என்றால் பொய், ‘எழுதினாள்’ என்றால் கதை முடிந்தது. மேலே டூனைக் குறிப்பிட்ட இடத்தில் ‘ஆள்’ என்று மட்டும் சொல்லித் தப்பித்திருக்கிறேன், போய்ப் பாருங்கள். ஆங்கிலத்தில் வினைச்சொல் ஆண் பெண் காட்டாது என்பதால் ரெண்டலுக்கு வேலை பாதி சுலபம்.

அந்தக் காலத்துல இப்படி எழுத விட்டாங்களா?

1964-இல் இங்கிலாந்தில் ஆணும் ஆணும் உறவு கொள்வது குற்றம். 1967-இல்தான் அந்தச் சட்டம் தளர்ந்தது. பெண்களுக்கு இடையிலான உறவை எந்தச் சட்டமும் பெயர் சொல்லிக் குற்றமாக்கியதில்லை. சொல்லப்போனால் கண்டுகொண்டதே இல்லை. வெக்ஸ்ஃபோர்டின் விசாரணை தடுமாறுவதும் அந்தக் கண்டுகொள்ளாமையில்தான்.

இன்று படிக்கும் சிலர் வேறு விதமாக முகம் சுளிக்கிறார்கள். ஒரு பெண்ணைக் காதலித்த பெண்ணைக் கடைசியில் கொலைகாரியாக, மனம் பிறழ்ந்தவளாக ஆக்கிவிட்டாரே என்று. நியாயமான வருத்தம். அந்தக் காலத்து நாவல்களில் அப்படிப்பட்ட பாத்திரங்களுக்கு நல்ல முடிவு அரிது, இதிலும் இல்லை. ஆனால் ஃபேபியாவின் காதலை வெக்ஸ்ஃபோர்ட் கேலி செய்வதில்லை. மற்ற எல்லோரையும் குத்திப் பேசிய மனிதர் அங்கே மட்டும் அடங்கிப்போகிறார். எனக்கு அவரைப் பிடிக்கத் தொடங்கியது அந்த இடத்தில்தான்.

ஃபேபியாவுக்குத் தூக்கா?

வாய்ப்பில்லை. 1957-இன் சட்டம் தூக்குத் தண்டனையைச் சில வகைக் கொலைகளுக்கு மட்டும் ஒதுக்கியது: துப்பாக்கியால் சுட்டது, திருட்டின்போது செய்தது, போலீஸ்காரரைக் கொன்றது போன்றவை. கழுத்தை நெரித்தது அதில் வராது. அதோடு நாவல் வந்த அதே 1964 ஆகஸ்ட் 13-இல் நடந்த இரண்டு தூக்குகள்தான் பிரிட்டனில் கடைசி. மறு வருடமே கொலைக்கான தூக்கை நிறுத்தி வைத்தார்கள்.

மார்கரெட்டுக்கு டூன் மேல அன்பு இருந்துச்சா, இல்லையா?

கதை தொடங்கும்போதே அவள் காணாமல் போய்விடுகிறாள். அதற்குப் பிறகு அவளைப் பற்றித் தெரிவது எல்லாம் கணவர் சொன்னது, தோழிகள் சொன்னது, கடைசியில் ஃபேபியா சொன்னது. ஃபேபியா சொல்வதைக் கேட்டால் மார்கரெட்டுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. பழைய பள்ளி நாளில் யாரோ நிறைய பரிசு கொடுத்தார்கள், அவ்வளவுதான் என்று படும்.

எனக்கு அந்த வீட்டின் புத்தகங்கள்தான் ஞாபகம் வரும். கணவர் விரும்பிச் சேர்த்த நிஜக் கொலை வழக்குப் புத்தகங்கள் கீழே, வருகிறவர் போகிறவர் கண்ணில் படும்படி. டூன் கொடுத்தவை பரணில், பெட்டிக்குள். பத்துப் பன்னிரண்டு வருடம், நடுவில் ஒரு கல்யாணம், வீடு மாறியது வேறு. விற்றிருந்தால் காசு வந்திருக்கும், அவர்களுக்கு அது உதவியும் இருக்கும். விற்கவில்லை. கீழே கொண்டுவந்து அடுக்கவும் இல்லை.